சங்ககிரியில் இரண்டு யந்திரங்கள்

சேலத்துக்கும் பவானிக்கும் இடையே, மலைமேல் கோட்டையும் மலையடியில் லாரிகளுமாக நெடுஞ்சாலையோரத்தில் அமைந்திருக்கும் சங்ககிரியைப் பற்றிப் பேச்சு வந்தால், சரித்திரத்தில் பிரியமுள்ளவர்கள் 1805ஆம் ஆண்டு தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட துர்க்கத்தைச் சொல்வார்கள். எனக்கோ முதலில் ஞாபகத்துக்கு வருவது என் தாய்மாமன் அந்த ஊர்ப் புறத்தில் நடத்திவந்த லாரி வாட்டர் சர்வீஸும், அங்கே வருஷக்கணக்கில் ஓயாமல் நடந்துவந்த ஒரு விவாதமுமே. கையிலிருக்கும் இரண்டு சிறிய தண்ணீர் யந்திரங்களை ஒன்றாக இணைத்து ஓட்டுவது உசிதமா, அல்லது அவற்றைத் தள்ளிவிட்டுப் பெரிய யந்திரம் ஒன்றை வாங்கிப் போடுவது உசிதமா என்பதே விவாதம். அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் பட்டப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகத்துக்காகக் காத்திருந்த காலத்தில் மாமாவின் கணக்குப் புத்தகங்களை எழுதிக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஜலத்தின் சுபாவத்தைப் பற்றியும் மனிதரின் சுபாவத்தைப் பற்றியும் கல்லூரியில் கேட்டறியாத பல சங்கதிகள் அந்த விவாதத்தின் மூலமாகவே தெரியவந்தன.

சங்ககிரியில் 1963ஆம் ஆண்டு சிமெண்ட் ஆலை ஏற்பட்டதும், லாரித் தொழில் அந்த வட்டாரமெங்கும் தழைத்ததும் யாவரும் அறிந்தவை. சிமெண்ட் ஏற்றும் லாரியைக் கழுவுவது சாதாரண லாரியைக் கழுவுவது போன்றதல்ல. சாக்கு மூட்டைகளிலிருந்து உதிரும் தூள் சேஸிஸின் குறுக்குச் சட்டங்களின் மேல் படிந்து, மழையிலோ பனியிலோ நனைந்து, பிறகு வெயிலில் காய்ந்து, கட்டை, பட்டை, யு-போல்ட் என்று பேதமில்லாமல் எல்லாவற்றின் மேலும் கல்லாகச் சமைந்துவிடும். இந்தக் கோலத்தில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் படிக்கவும் முடியாது. ஆகவே எஃப்.சி.க்கு முந்தின நாள் வண்டி எங்கள் ரேம்ப்பின் மேல் ஏறும். அடிபாகம் முழுவதும் டீசல் அடிப்பார்கள். ஊறவிட்டு, இரும்புச் சுரண்டியால் தட்டிக் கொடுத்து, அதன்பின் தண்ணீர்க் கன்னை எடுப்பார்கள்.

மாமாவிடம் இருந்தவை பழைய மாதிரி மூன்று பிஸ்டன் பம்புகள் இரண்டு. வார்ப்பிரும்பு உடலும், வி-பெல்ட்டும், தலையில் குப்பி போன்ற காற்றுக் கலமும் உடைய அந்த யந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் 3 குதிரைச் சக்தி மோட்டார். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீரை, பட்டறைக்காரர்கள் பாஷையில் சொல்வதானால், 35 கிலோ பிரஷரில் தள்ளும். ஒன்று மாமா தொழில் ஆரம்பித்தபோது வாங்கியது. மற்றொன்று நொடித்துப்போன ஒரு சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தது. இரண்டும் இரண்டு ரேம்ப்புகளுக்குத் தனித்தனியே வேலை செய்து கொண்டிருந்தன. சாதாரண வண்டிகளுக்கு அதுவே போதும். சிமெண்ட் லாரிக்கும், திருச்செங்கோட்டிலிருந்து அபூர்வமாக வரும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் போதவில்லை. ஒரு வண்டியை முடிக்க அரை நாள் ஆயிற்று.

இந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு விற்பனையாளர் வந்து, 10 குதிரைச் சக்தி மோட்டார் உடையதும் நிமிஷத்துக்கு 40 லிட்டர் தண்ணீரை 70 கிலோ பிரஷரில் தரவல்லதுமான ஒரு பெரிய யந்திரத்தின் படத்தை மாமாவின் மேஜைமேல் விரித்து வைத்தார். மாமா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, விற்பனையாளர் போனபின் என்னிடம் திரும்பி, "ஏன் மாப்பிள்ளை, நம்முகிட்ட இருக்கறது ரெண்டு. இருபதும் இருபதும் நாப்பது. முப்பத்தஞ்சும் முப்பத்தஞ்சும் எழுபது. அவன் விக்க வந்த சாமான் நம்ம ஷெட்டுலயே கெடக்குதே!" என்றார்.

அவர் அப்படி நினைத்ததற்கு நியாயம் இல்லாமலில்லை. மாமா பிறப்பில் விவசாயி. கொங்கு நாட்டு விவசாயிக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் நுட்பம் மனப்பாடம். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரில் ஸ்டேஜ்களைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்பதும், ஒரு ஸ்டேஜ் தூக்கிவிட்ட தண்ணீரை அடுத்த ஸ்டேஜ் வாங்கி இன்னும் மேலே தூக்கும் என்பதும் அவருக்குப் பிரத்தியட்ச அனுபவம். ஒன்றன்பின் ஒன்றாக நின்று சுழலும் அந்தச் சக்கரங்களில் பிரஷர் கூடும் என்பது மெய்யே. ஆனால் பக்கத்தில் பக்கமாக நின்று ஒரே குழாயில் தண்ணீரைக் கொட்டும் இரண்டு பிஸ்டன் பம்புகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. எனக்குப் பம்புகளின் சாஸ்திரம் தெரியாவிட்டாலும், கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று இடறியது: மூன்றும் மூன்றும் ஆறு, விற்பனையாளர் காட்டியதோ பத்து. சக்தியில் ஆறாக இருப்பது வேலையில் மட்டும் எப்படிப் பத்தாக முடியும்?

விடை சொன்னவர் லேத் பட்டறை மேஸ்திரி. எங்கள் யந்திரங்களின் வாஷர் தேய்ந்தாலும், வால்வு ஸீட் குழி விழுந்தாலும், புல்லி ஆட்டம் கண்டாலும் வந்து பார்ப்பவர் அவர்தான். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மாமாவின் கணக்கைப் பொறுமையாகக் கேட்டவர், "தண்ணி சேருமுங்க மொதலாளி, பிரஷர் சேராதுங்க" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். மாமா விடவில்லை. பிறகு மேஸ்திரி தரையில் ஆணியால் கோடு கிழித்து விளக்கியதை நான் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்லுகிறேன்.

பிஸ்டன் பம்பு தள்ளுவது தண்ணீரைத்தான். பிரஷர் என்பது அந்தத் தண்ணீர் வெளியேறும் துளையின் குறுகலினால் உண்டாவது. ஒரு யந்திரத்தின் 20 லிட்டர் வெளியேற ஏற்றபடி துளையிடப்பட்ட நாசிலில் இரண்டு யந்திரங்களின் 40 லிட்டரையும் செலுத்த முயன்றால், அதற்கு வேண்டிய பிரஷர் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. அதாவது 140 கிலோ. அந்த எல்லைக்கு வெகுதூரம் முன்பாகவே ரிலீஃப் வால்வு திறந்துகொண்டு, கூடுதல் தண்ணீரையெல்லாம் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். கரண்ட் இரண்டு மோட்டாருக்கு ஆகும். வேலை ஒரு யந்திரத்தினுடையதே நடக்கும். ஆகையால் இணைக்க வேண்டுமானால் நாசிலின் துளையைப் பெரிதாக்கித்தான் தீரவேண்டும். அதிலும் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குடி கெட்டது. பரப்புத்தான் இரட்டிக்கவேண்டும், 2.4 மில்லிமீட்டர் துளை இருந்த இடத்தில் 3.4 போதும். பிரஷர் பழைய 35 கிலோவிலேயே நிற்கும். தண்ணீர் மட்டும் இரண்டு பங்காக வரும்.

"அப்புறம் என்ன பிரயோஜனம்?" என்று மாமா சலித்துக்கொண்டார். பிரயோஜனம் உண்டு என்பதைப் பிறகு கண்ணாரக் கண்டோம். அழுக்கைப் பெயர்ப்பது பிரஷர். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. டீசலில் ஊறிச் சுரண்டியால் தட்டுண்ட சிமெண்ட் பாளம், மெலிந்த தாரையின் முன்னால் ஒரு சட்டத்திலிருந்து பெயர்ந்து அடுத்த சட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பருத்த தாரையின் முன்னால் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லாமல் ரேம்ப்பின் சாய்வில் உருண்டோடிக் கால்வாயில் விழும். யாரோ ஒரு டிரைவர், ஒரு யந்திரத்தின் வெளியேற்றத்தை இன்னொன்றின் உறிஞ்சு குழாயில் கொடுத்தால் ஸ்டேஜ் மோட்டார் போலவே ஆகிவிடுமே என்று யோசனை சொன்னார். உறிஞ்சுகிற பக்கத்துச் சீல்கள் அந்த அழுத்தத்துக்காக ஏற்பட்டவையல்ல, பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று மேஸ்திரி கையை வீசி மறுத்துவிட்டார். மாமாவுக்கு அந்த யோசனையின் மேல் மட்டும் கடைசிவரை ஒரு சபலம் இருந்தது.

இணைப்பு வேலை ஆரம்பமாயிற்று. வெறும் டீ ஒன்றைப் போட்டு இரண்டு குழாய்களையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். மேஸ்திரியோ முதலில் இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வுகள் வாங்கிவரச் சொன்னார். ஒரு யந்திரத்தின் பெல்ட் நழுவினாலோ மோட்டார் டிரிப் ஆனாலோ, மற்றதன் தண்ணீர் பின்னோக்கிப் பாய்ந்து நின்றுபோனதன் ரிலீஃப் வால்வு வழியே தொட்டிக்குப் போய்விடாமல் தடுப்பதற்கு அவை வேண்டும். அடுத்தது உறிஞ்சு குழாய்: இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வைத்தால், வலுத்தது இழுத்துக்கொள்ள, இளைத்தது காற்றைக் குடித்துக் கடகடவென்று அடித்துக்கொள்ளும் என்பதால் தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் இறக்கப்பட்டன. பிறகு ஹோஸ். அதில் ஓடும் தண்ணீர் இரட்டித்தால் உராய்வில் வீணாகும் பிரஷர் ஏறக்குறைய நாலு பங்காகிவிடும். 30 மீட்டர் நீளமுள்ள அரை அங்குல ஹோஸில் முன்பு 2 கிலோவுக்குள் அடங்கியிருந்த நஷ்டம் இப்போது 6 கிலோவைத் தாண்டும். முக்கால் அங்குல ஹோஸ் போட்டால் நஷ்டம் குறையும். ஆனால் தண்ணீர் நிறைந்த அந்த ஹோஸை இழுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைவது ஆளைக் கொல்லும். கடைசியில் சுவரோரமாக ரேம்ப் வரைக்கும் கெட்டியான இரும்புக் குழாயும், அதற்கப்பால் சிறிது தூரத்துக்கு மட்டும் அரை அங்குல ஹோஸும் என்று சமாதானம் செய்துகொண்டோம். இவ்வளவுக்கும் ஆன செலவை நான் கணக்கில் ஏற்றியபோது, பழைய யந்திரம் ஒன்று வாங்கும் தொகை அதில் மறைந்திருந்ததைக் கண்டேன். இணைப்பது செலவில்லாத காரியம் என்று சொல்லுகிறவர்கள் குழாய்ச் சாமான்களின் விலையை விசாரித்ததில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமான காரியம் ரிலீஃப் வால்வுகளைச் சரிசமமாக வைப்பதுதான். வயதிலும் வலுவிலும் ஒவ்வாத இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டினால் ஒன்று இழுக்க மற்றொன்று கூடவே நடந்துவருவது போல, எந்த யந்திரத்தின் வால்வு சற்றுத் தளர்ந்திருக்கிறதோ அதன் தண்ணீரில் ஒரு பகுதி பிகு இல்லாமல் தொட்டிக்கே திரும்பிவிடும். மோட்டார் ஓடும், பெல்ட் சுற்றும், மீட்டரும் ஓடும், கன்னுக்கு மட்டும் முழுத் தண்ணீர் போய்ச் சேராது. பிரஷர் கேஜ் பொதுக் குழாயில் இருந்தபடியால் எந்த யந்திரம் ஏமாற்றுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்காது. மேஸ்திரி அதற்கு வைத்திருந்த உபாயம் அலாதியானது. இரண்டு ரிட்டர்ன் குழாய்களையும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் தூக்கி, ஒன்றன் வாயில் தகடு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கன் திறந்திருக்கும்போது தகட்டில் சலசலப்புக் கேட்டால் பழைய யந்திரம் சோம்புகிறது. தகட்டில் படாத வெறும் தண்ணீரின் 'களக்' என்ற சப்தம் கேட்டால் புதியது சோம்புகிறது. இரண்டும் கேளாவிட்டால் இரண்டும் வேலை செய்கின்றன. அவர் தொட்டியின் விளிம்பில் காதை வைத்துக்கொண்டு, இடக்கையால் ஸ்பானரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கையில், தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறவர்களிடம் காணும் அதே ஏகாக்கிரதையைக் கண்டேன்.

இணைத்த கன்னை முதல் முதலில் திறந்தபோது அதைப் பிடித்திருந்த வாலிபன் ஓர் அடி பின்வாங்கி ரேம்ப்பின் மதிலில் சாய்ந்துவிட்டான். தாரை பின்னோக்கித் தள்ளும் விசை பிரஷரை மட்டும் பொறுத்ததல்ல, அளவையும் பொறுத்தது. தனி யந்திரத்தில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்த உதை, இணைத்தபின் ஆறு கிலோவை நெருங்கியது. ஆறு கிலோ தூக்குவது ஒரு பொருட்டல்ல. ஆனால் லாரிக்கு அடியில் குனிந்து, முகத்தில் டீசலும் சேறும் தெறிக்க, கையை நீட்டியபடி மணிக்கணக்கில் அதைத் தாங்கி நிற்பது வேறு. எங்களிடமிருந்த ஆட்களில் அதைப் பிடிக்கத் தகுந்தவன் ஒருவனே அமைந்தான். அவன் லீவு போட்ட நாளில் இணைப்பு கேட் வால்வை மூடிவிட்டு இரண்டு கன்களாகவே வேலை நடக்கும். யந்திரங்களைக் கூட்டும்போது மனிதனின் தோள் கூடுவதில்லை என்பதை, பெரிதை விற்க வந்தவரும் சொல்லவில்லை, சிறியவற்றை இணைத்துக் கொடுத்த மேஸ்திரியும் சொல்லவில்லை.

என் அபிப்பிராயத்தில் அந்த ஏற்பாட்டின் சிறப்பெல்லாம் அந்த மூடுகிற வால்வில்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின இரவைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். வடநாட்டு லோடுக்குப் போன வண்டிகளெல்லாம் எப்படியாவது அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்துவிடும். சர்வீஸ் வாசலிலிருந்து சாலை நெடுகிலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் பனியனோடு கேபினைத் துடைத்துக்கொண்டும், கிளீனர்கள் வாழைக்கன்றையும் பூசணிக்காயையும் வாங்க ஓடிக்கொண்டும் இருப்பார்கள். அன்று யாருக்கும் சிமெண்ட்டைப் பெயர்க்கவேண்டியதில்லை. வண்டி பளிச்சென்று நனைந்து துடைக்கப்பட்டால் போதும். அப்போது வேண்டியது பருத்த ஒரு தாரையல்ல, இரண்டு தாரைகள். மாமா தாமே போய் வால்வை மூடுவார். இரண்டு ரேம்ப்புகளிலும் விடியும்வரை வேலை நடக்கும். பெரிய யந்திரம் ஒன்றுதான் இருந்திருக்குமானால், எவ்வளவு பெரிதாயினும், வரிசை ஒன்றாகவே நகர்ந்திருக்கும்.

பெரியதும் பின்னால் வந்தது. டிப்பர்களும் ரிக்குகளும் பெருகியபின் மாமா கோயமுத்தூருக்கே போய் வாங்கி வந்தார். அதன் வேலையைப் பார்த்துப் பிரமித்துப்போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. சுரண்டி தொடாத சிமெண்ட்டும் அதன் முன்னால் ஓடுகளாகப் பெயர்ந்தது. ஆனால் அதற்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வேண்டும், மின்சார வாரியத்தில் கூடுதல் லோடு வாங்கவேண்டும், கோடையில் அதன் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் என்றால் மணிக்கு 2400. 5000 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்தில் காலி. எங்கள் போரில் தண்ணீர் ஒரு இஞ்சுக்கும் கீழே இறங்கிய சித்திரை மாதத்தில், அந்த யந்திரம் பாதி நேரம் தொட்டி நிறைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. இணைத்த யந்திரங்களும் அதே அளவு தண்ணீரைத்தான் குடிக்கும், வாஸ்தவம். ஆனால் தண்ணீர் இல்லாத நாளில் அவற்றில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றைக் கொண்டு காலத்தைத் தள்ளலாம். மேலும், 70 கிலோ தாரைக்குச் சிமெண்ட் எது, பெயிண்ட் எது என்ற விவேகம் கிடையாது. திருச்செங்கோட்டில் பாடி கட்டி, ஆர்ட்டிஸ்ட் கைப்பட இரு பக்கமும் கழுகும் தாமரையும் எழுதி வந்திருந்த ஒரு வண்டியில் கழுகின் ஒரு சிறகு போய்விட்டது. உரிமையாளர் வைத தூஷணைகளை இங்கே எழுதுவதற்கில்லை. வீல் பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கரைத்த வழக்குகளும் உண்டு.

2008க்குப் பின் ஏற்பட்ட மின்வெட்டுக் காலத்தில் விஷயம் இன்னும் தெளிவாயிற்று. 2012ஆம் ஆண்டில் பகலில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகம். மாமாவிடமிருந்த சின்ன ஜெனரேட்டர் 3 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை முனகிக்கொண்டே ஓட்டிவிடும். பத்தை ஸ்டார்ட் செய்யப் போனால் அணைந்துவிடும். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க, பெரியது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. இதைக்கொண்டு பெரியதை வாங்கியது பிசகு என்று சொல்லிவிடலாகாது. மின்சாரம் நேரானபின், ரிக் வண்டிகள் தினசரி வரத் தொடங்கிய வருஷங்களில், கடனை அடைத்தது அதுதான். நாள் முழுவதும் அதற்குத் தீனி போட வண்டிகள் இருக்குமிடத்தில் பெரியதற்கு நிகர் வேறில்லை. தீனி விட்டுவிட்டு வருமிடத்தில், இணைக்கவும் பிரிக்கவும் ஏற்ற இரண்டு சிறியவையே எஜமானனைத் தூங்கவிடும். ஒருமுறை பெரியதன் கிராங்க் பேரிங் உடைந்து, கோயமுத்தூரிலிருந்து சாமான் வருகிறவரையில் தொழில் நின்றுபோகாமல் காப்பாற்றியது, மூலையில் கிடந்த அந்தக் கிழட்டு ஜோடியே.

இப்போது சர்வீஸை நடத்துகிறவன் மாமாவின் பேரன். அவனிடம் இருப்பவை 150 கிலோவில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் தரும் நவீன யந்திரங்கள். பழைய பம்புகள் எடைக்குப் போய்விட்டன. அவனும் பெரியதாக ஒன்று வாங்காமல் ஒரே மாதிரியாக இரண்டு வாங்கியிருப்பதைப் பார்த்து எனக்கு உற்சாகம் பிறந்து, இரண்டையும் ஏன் இணைத்து வைக்கவில்லை என்று கேட்டேன். "இணைக்கலாமுங்க பெரியப்பா. அப்புறம் எந்த வால்வு தளந்திருக்குதுன்னு தெனமும் எவன் காது குடுத்துக் கேக்கறது? வேலைக்கு வர்ற பசங்க ஹெட்போனைக் கழட்டறதே இல்லீங்க" என்றான். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் வாசலில் தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. முந்தின தடவை லிட்டர் குறைந்ததற்குக் கணக்குக் கேட்க எழுந்து போய்விட்டான்.